ஒரு வீட்டுக்கு ஓர் இடம்

எங்கள் ஊரில் காடு கரையைவிடப் பெரிய சொத்து, தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஓர் இடம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பசுவந்தனைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிற ஊர் அது. மழை பெய்தால் உளுந்தும் பாசியும் விளையும், பெய்யாவிட்டால் மண் வெடித்துக் கிடக்கும். விடியும் முன்னே கோவில்பட்டியிலிருந்து பஸ் வந்து, தீப்பெட்டி செய்கிற வேலைக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து இறக்கும். ஒரு வீட்டுக்கு ஓர் இடம்தான். யார் வீட்டு இடம் எது என்று ஊருக்கே தெரியும். காய்ச்சல் என்றாலும் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. அக்காள் படுத்துவிட்டால் தங்கை ஏற வேண்டும், மகள் சமைந்துவிட்டால் அம்மா ஏற வேண்டும். விட்டுவிட்டால் ஏஜெண்ட் தங்கசாமி அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "பிள்ளைக்கு பஸ்ல எடம் உண்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார்கள்.

எங்கள் வீட்டு இடத்தில் நான் பிளஸ் டூ முடித்த கையோடு போய் உட்கார்ந்தேன். என் பெயர் பொன்மணி. தீப்பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. அப்பா கேரளாவில் கட்டட வேலைக்குப் போனவர், மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார். அம்மா வேலுத்தாய்க்குத் தீக்குச்சி மருந்து நெடி ஆகாது, இழுப்பு வந்துவிடும். அதனால் அவள் பஸ் ஏற வழியில்லை. தங்கை பிரேமலதா அப்போது பத்தாம் வகுப்பு பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள்.

2007ஆம் வருஷம், கோடை. ஒருநாள் பஸ் கிளம்பும்போது தங்கசாமி படியில் நின்றுகொண்டு கத்தினார்.

"ஏட்டி, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கவர்மெண்டு செலவுல இங்கிலீஷ் பேசச் சொல்லிக்குடுக்காவ. மூணு மாசம். பிளஸ் டூ முடிச்ச பிள்ளைக சேரலாம். முடிச்சா வேலை உறுதி. நம்ம அண்ணாச்சிதான் நடத்துதாவ."

அண்ணாச்சி என்றால் பூவனநாதன். நாங்கள் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸுக்கு முதலாளி. அந்தப் பயிற்சியை நடத்த அரசாங்கத்திடம் உத்தரவு வாங்கியிருந்தார்.

"முடிச்சா என்ன வேலைன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"ஆஸ்பத்திரில வரவேற்புல உக்காருத வேலை, தூத்துக்குடில கப்பல் கம்பெனி, மெட்ராஸ்ல போன்ல பேசுத வேலை. ஒன் வாய்க்கு போன்தான்ட்டி சரி. எதுத்தாப்புல இருக்கவன் காது செவிடாயிரும்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முழுக்க குச்சி அடைக்கும்போது போனில் பேசுகிற வேலைதான் மனசில் ஓடியது.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தன் ஆபீஸ்ல வேலை பாக்குத பிள்ளைய வெளிய படிக்க அனுப்புதாருன்னா என்ன மனசுட்டி அவருக்கு? இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றாள். ஊரே அப்படித்தான் பேசியது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அவர் நல்ல மனசை மெச்சி எங்கள் ஊர்ப் பெண்கள் அம்மன் கோவிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை வேறு செய்தார்கள்.

ஆனால் பஸ் இடத்தை என்ன செய்வது? தங்கசாமி கறாராகச் சொல்லிவிட்டார். "நீ படிக்கப் போனா ஒன் எடம் சும்மா கெடக்குமா? வீட்டுல வேற ஆளை ஏத்திவிடு. இல்லன்னா எடம் போயிரும், பொறவு என்னையக் கொறை சொல்லாத."

வேற ஆள் என்றால் பிரேமலதாதான். ரிசல்ட் வந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். பிளஸ் ஒன் புத்தகங்களைப் பழையதாக வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தாள். அவளே வந்து, "நான் போறேன்க்கா. மூணு மாசந்தான? நீ வேலைக்குப் போனதும் நான் பள்ளிக்கூடம் போயிருதேன்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. அம்மா போய்த் தலைமை ஆசிரியை சங்கரம்மாள் டீச்சரைப் பார்த்தாள். "ஆகஸ்ட் கடைசித் தேதிக்குள்ள கூட்டிட்டு வாங்க, சேத்துக்கிடுதேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஆக எனக்கு வேலை கிடைத்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம். கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அத்தோடு சரி.

கோவில்பட்டி புது ரோட்டில் ஓர் உரக்கடை மாடியில் வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் யூரியா வாடை. சொல்லிக்கொடுக்க வந்தவள் சுகுணா மிஸ். என்னைவிட நாலு வயசுதான் கூட. பி.ஏ. முடித்து வேலை தேடித் தேடி, எங்களுக்கு வேலை கிடைக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்தவள். நல்லவள். முதல் இரண்டு வாரம் ஒழுங்காக நடத்தினாள். வருகிற வழியில் பார்த்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வாள். ஒருத்தி ஆட்டைச் சொல்வாள், ஒருத்தி சந்தையைச் சொல்வாள், தப்பும் தவறுமாக வகுப்பே கலகலவென்று இருக்கும். அப்போதுதான் அண்ணாச்சி ஒருநாள் மாடி ஏறி வந்தார்.

"எதுக்கு டீச்சர் இந்த ஆட்டுக்குட்டிக் கதையெல்லாம்? ஆபீசர் வந்தா நாலு வரி தடுமாறாமப் பேசணும். அதை மனப்பாடம் பண்ண வைங்க. போதும்."

அன்றிலிருந்து அந்த நாலு வரிதான். "மை நேம் இஸ் பொன்மணி. ஐ ஆம் ஃப்ரம் எ வில்லேஜ். ஐ ஆம் லேர்னிங் இங்கிலீஷ். ஐ ஆம் வெரி ஹேப்பி." காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையாக எழுந்து நின்று இதையே ஒப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் இருந்தன, பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இல்லை. போட்டோ எடுக்க ஆள் வரும் நாளில் மட்டும் காதில் மாட்டுகிற கருவியை ஆளுக்கொன்று கொடுத்து மாட்டச் சொல்வார்கள். அதன் வயர் எதிலும் செருகியிருக்காது. காதில் ஒன்றும் கேட்காமல், கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அசிங்கமாக இருக்கும். அரசாங்கப் பணத்தில் இப்படி ஒரு கூத்து!

சுகுணா மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பு விட்ட பிறகு ஊருக்கு டவுன் பஸ் வரும் வரை நான் அங்கேயே கிடப்பேன். அந்த நேரத்தில் அவள் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசுவாள். சண்டை போடுவது எப்படி, கேள்வி கேட்பது எப்படி, முடியாது என்று சொல்வது எப்படி என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனில் பேசுகிற வேலைக்கு இதெல்லாம் வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பிரேமலதா சாயங்காலம் வந்து கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாள். முதல் மாதம் வரை, "இன்னைக்கு என்னக்கா படிச்சே?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அட்டை போட்ட புத்தகங்களை அம்மா எடுத்துப் பரணில் வைத்தாள்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி கல்யாண மண்டபத்தில் விழா. மறுநாள்தான் பள்ளிக்கூடத்தில் சேர கடைசி நாள். அம்மா இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, கழுத்தில் மாலை, மடியில் கடலைமிட்டாய்ப் பெட்டி. அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"நூத்துக்கு நூறு! படிச்ச அத்தனை பிள்ளைகளுக்கும் வேலை குடுத்திருக்கோம்!"

மண்டபம் அதிரக் கைதட்டல்.  தூத்துக்குடியா மெட்ராஸா என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், அவர் வாசிக்க ஆரம்பித்தார். முதலில் எங்கள் பசுவந்தனைப் பக்கத்துப் பிள்ளைகள். அடுத்து எட்டயபுரம் பக்கம். அடுத்து புதூர் பக்கம். அத்தனை பேருக்கும் ஒரே கம்பெனி. அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ். வேலையின் பெயர் மட்டும் புதுசு, 'எக்ஸ்போர்ட் பேக்கிங் அசிஸ்டெண்ட்.'

 என் பெயரைக் கூப்பிட்டபோது மேடை ஏறி அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, இது நான் ஏற்கெனவே பாத்த வேலைதான?"

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "பேரு வேறல்லா? முன்ன லேபரு, இப்ப அசிஸ்டெண்டு. பெட்டி ஆப்பிரிக்காவுக்குப் போகுது, மேல இங்கிலீஷ்லதான போட்டிருக்கு? வாங்கிட்டு நவுரு தாயி."

அதிகாரி சான்றிதழைக் கொடுத்தார். போட்டோக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், சந்தோஷமா என்று. நாலாவது வரியைச் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்வேனா? மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. நான் ஆங்கிலத்திலேயே சொன்னேன். "நோ சார், ஐ ஆம் நாட் ஹேப்பி" என்று ஆரம்பித்தேன். இந்த ஆபீஸில் குச்சி அடைத்துக்கொண்டிருந்த என்னைத்தான் படிக்கக் கூப்பிட்டார்கள். இப்போது அதே ஆபீஸுக்கே அனுப்புகிறார்கள். என் இடத்துக்கு என் தங்கையைப் படிப்பை நிறுத்தி ஏற்றினார்கள். இங்கே நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான். மூன்று மாதத்தில் முதலாளிக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கூலியாள் என்பது இரண்டு கூலியாள் ஆகிவிட்டது, அதற்கு அரசாங்கம் பணம் கொடுத்திருக்கிறது. நாளைக்குள் என் தங்கை பள்ளிக்கூடம் போக வேண்டும், நீங்கள் கேளுங்கள் சார். இத்தனையும் சொன்னேன். இலக்கணம் எத்தனை இடத்தில் இடறியதோ தெரியாது. சொல்ல வந்ததை விடாமல் சொன்னேன்.

அந்த ஆள் கேட்டார். முழுசும் கேட்டார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அவர் கண் அண்ணாச்சி பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். பிறகு மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா! பட்டிக்காட்டுலேருந்து வந்த பொண்ணு, எவ்வளவு தைரியமா, எவ்வளவு சரளமா இங்கிலீஷ் பேசுது! இதைவிட இந்தத் திட்டத்துக்கு என்ன வெற்றி வேணும்? எல்லாரும் பலமா ஒரு தடவை கைதட்டுங்க!"

தட்டினார்கள். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. என்ன சொன்னேன் என்று அங்கே யாருக்குத் தெரியும்? எங்கள் அம்மா கண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் கைதட்டினாள். சுகுணா மிஸ் மட்டும் தட்டவில்லை, ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் தமிழில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி மைக்கை வாங்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேர் என் தோளைப் பிடித்துப் பக்குவமாகப் படியில் இறக்கிவிட்டார்கள்.

டவுன் பஸ்ஸில் வைத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"அப்ப நான் எதுக்குட்டி கைதட்டுனேன்?" என்றாள்.

"நான் பேசுனது நல்லாருந்துச்சுன்னு தட்டுன."

"நாசமாப் போவானுவ. பெத்தவளக் கையத் தட்ட வச்சுட்டானுவளே. வெளங்குவானுவளா?" என்று ஆரம்பித்து ஊர் வந்து சேரும் வரை ஓயவில்லை. அர்ச்சனை செய்த அம்மனையும் விடவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் பஸ் வந்தது. நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். பிரேமலதா எனக்கு முன்னாலேயே ஏறி எங்கள் வீட்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தங்கசாமியிடம் போனேன்.

"அண்ணே, எங்க எடத்துல நான் வாரேன். அவளை எறக்கி விடுங்க. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சேரணும்."

"அதெப்படி? அவ எடம் வேற, ஒன் எடம் வேற. நீ கவர்மெண்டு மூலமா வந்த ஆளு. அவ எங்க ஆளு. ஒங்க வீட்டுக்கு இப்ப ரெண்டு எடம்ட்டி, ஊர்ல அவனவன் ஒரு எடத்துக்கு அலையுதான்! ரெண்டு பேரும் வந்தா வாங்க. ஒரு ஆளு கொறைஞ்சாலும் ரெண்டு எடமும் போயிரும்."

ஏதோ தர்மம் செய்கிற மாதிரிச் சொன்னார் மனுஷன். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸுக்குள் ஏறி, "எறங்குட்டி" என்றேன் தங்கையைப் பார்த்து.

அவள் அசையவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இன்னைக்குத்தான் கடைசி நாள். எறங்கு."

"எறங்கிப் போயி?" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பிளஸ் டூ படிச்ச. பொறவு இங்கிலீஷும் படிச்ச. ஆபீசர் முன்னால பேசுன. இந்தா, இதே பஸ்ஸுக்குத்தான வந்து நிக்க? நானும் ரெண்டு வருசம் படிச்சிட்டு இங்கனதான வரணும்? அதுக்கு இப்பவே இருந்துட்டுப் போறேன்."

 டிரைவர்கூட ஆரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். அவர்கள் எங்களுக்குச் செய்ததிலேயே பெரிய அநியாயம் இதுதான். என் மூன்று மாதத்தைத் தின்றார்கள், போகட்டும். பள்ளிக்கூடத்தில் முதலாக வந்த பிள்ளையின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை வரவைத்துவிட்டார்களே! அதை எந்த அரசாங்கம் வந்து சரிசெய்யும்?

 அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கம்பியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன். முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், பஸ்ஸில் இருந்த பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். இறக்கிக் கீழே நிறுத்தியதும் தங்கசாமி, "ரெண்டு எடமும் போச்சு, சொல்லிட்டேன்" என்றார்.

"போட்டும். உங்க அண்ணாச்சி மகளை ஏத்திக்கிடுங்க" என்றேன்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் இடம் இல்லாத முதல் நாள் அது. வாசலில் நின்ற அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "மூஞ்சியக் கழுவுங்க ரெண்டு பேரும். இப்படியேவா டீச்சரைப் பாக்கப் போவீங்க?" என்றுவிட்டுப் பரணில் இருந்து புத்தகங்களை இறக்கப் போனாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் பிரேமலதா விசும்பிக்கொண்டே பின்னால் வந்தாள். சங்கரம்மாள் டீச்சர் அறையில் அன்றைய பேப்பர் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. அதில் என் படம். அதிகாரி சிரிக்கிறார், அண்ணாச்சி சிரிக்கிறார், நான் மைக்கின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.

டீச்சர் எழுந்தே வந்துவிட்டார். "வா பொன்மணி, வா! இப்பத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதிகாரியே அசந்துபோயிட்டாராமே? வேலையும் கெடைச்சிருச்சாம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கை பக்கம் திரும்பினார். "ஏட்டி, எதுக்கு அழுத? நல்லாப் படி. நீயும் ஒங்க அக்கா மாதிரி வரணும், என்ன?"

பிரேமலதா தாவணி முனையால் முகத்தைத் துடைத்தாள். 

"அக்கா மாதிரி வேண்டாம் டீச்சர்" என்றாள்.

டீச்சர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பேப்பரை மடக்கி ஓரமாக வைத்தேன்.

"அவ சொல்லுதது சரிதான் டீச்சர்" என்றேன். "என்னைய மாதிரி வேண்டாம். உக்காருங்க, நேத்து நான் என்ன பேசுனேன்னு தமிழ்லயே சொல்லுதேன். அதுக்கு முன்னால இவ பேரை எழுதிக்கிடுங்க."